பதினான்காம் மாடிக்கு ஏறிய நீலம்

தோ மிரானைப் பற்றி எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் ஹார்னைப் பற்றித்தான் சொல்வார்கள். பூசான் துறைமுகத்துக்கு மேலே, யோங்தோ மலைச் சரிவில் ஏறி இறங்கும் மினி பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். அந்தச் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும். மிரான் போகமாட்டாள். ஹார்னில் கையை வைத்தால் எதிராளி தானாகப் பின்வாங்குவான். குடியிருப்பு வாசலில் நான் முடி வெட்டுகிற பார்லரில் கண்ணாடி அதிர்ந்தால், மிரான் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

சாலையில் அவ்வளவு வாய் பேசுகிறவள் வீட்டில் என்ன ஆனாள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு. எங்கள் ஊர் வீட்டுக்காரர்கள் எதைப் பொறுத்தாலும் பொறுப்பார்கள், சுவரில் ஆணி அடித்தால் பொறுக்கமாட்டார்கள். ஒப்பந்தம் போடும்போதே வாயால் மூன்று தடவை சொல்லிவிடுவார்கள். மிரானும் ஒரு வீட்டிலும் அடித்ததில்லை. காலண்டரைக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். கல்யாணப் படம் அலமாரிக்குப் பின்னால் சாய்ந்தே கிடந்தது. இருபத்தேழு வருஷம் இப்படி ஓடியபிறகு, ஐம்பத்தாறாவது வயதில், எங்கள் கட்டடத்தின் பதினான்காம் மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள்.

சாவி கைக்கு வந்த அன்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். உள்ளே போனால் ஒரு நாற்காலி கூட இல்லை. வாசலுக்கு எதிரே கூடத்தின் பெரிய சுவர் வெள்ளையாக நின்றது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என்னோடது."

"வீடு முழுக்க உன்னோடதுதானேடி. செவுரை மட்டும் ஏன் தடவுற?"

"இதுல ஒரு படம் மாட்டப் போறேன்" என்றாள்.

என்ன படம் என்று கேட்டேன். அவள் சொன்ன கதை இதுதான். முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள், வரிசை நீளமாக இருந்ததால் தெருவுக்கு எதிரே இருந்த நகர ஓவியக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறாள். ஓவியம் பார்க்க அல்ல. கழிப்பறைக்கு. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஊரில் எங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்பது மனப்பாடம். திரும்பி வரும் வழியில் ஒரு பெரிய நீலப் படம் இருந்ததாம். மின் சாவூன் என்ற ஓவியர் வரைந்தது. மரமில்லை, மலையில்லை, மனுஷனில்லை. மேலிருந்து கீழ்வரை நீலம், அடியில் கறுப்பாக ஒரு பட்டை, அவ்வளவுதான். தலைப்புகூட வைக்கவில்லை, 'எண் பதினேழு' என்று எழுதியிருந்ததாம். அதற்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தவள், காவலாளி வந்து மூடும் நேரம் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. முழங்கால் அப்புறம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கேதான் போயிருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லாமல். என்னிடம் சொல்லாமல் இந்தக் குடியிருப்பில் ஒருத்தி ஒன்று செய்தாள் என்பதே எனக்குக் கோபமாக வந்தது.

"அதுல என்னடி இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. அதுக்குத்தான் வேணும். நாள் பூரா என் கண்ணு முன்னாடி ஏதாவது ஒண்ணு குறுக்க வந்துக்கிட்டே இருக்கு. பைக்கு வருது, பூனை வருது, ஸ்கூல் புள்ளைங்க வருது. முட்டைக்கோஸைத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மா கையக் காட்டிக்கிட்டே ஓடி வருது. அந்தப் படத்துல யாரும் குறுக்க வரல. எவ்வளவு நேரம் பார்த்தாலும் வரல."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை.

அசல் படம் ஓவியக்கூடத்தின் சொத்து, அது நமக்கு வராது. அச்சுப் பிரதி வாங்கலாம் என்று யாரோ சொல்ல, முதலில் செல்போனில் தேடி ஒன்றை வரவழைத்தாள். அட்டைக் குழாயில் சுருட்டி வந்தது. விரித்துப் பார்த்தோம். பளபளவென்று மின்னியது, நீலம் சோப்புத்தூள் பாக்கெட் நீலம். நடுவில் விளக்கு வெளிச்சமும் என் முகமும் தெரிந்தன. மிரான் உடனே சுருட்டி வைத்துவிட்டாள். அதை நான் வாங்கிக்கொண்டு போய் என் பார்லர் கழிப்பறைக் கதவில் ஒட்டினேன். வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் இரண்டு பேருமாக ஊருக்குள் ஓர் அச்சுக்கூடத்துக்குப் போனோம். ஓவியக்கூடங்களுக்கே பிரதி போட்டுத் தருகிற இடம். சே-இன் என்று ஒரு பெண் நடத்துகிறாள், என் மகள் வயதுதான் இருக்கும். நான் சுவர்ப் படத்தைத் தொடப் போனேன், வெள்ளைக் கையுறை ஒரு ஜோடியை நீட்டிவிட்டாள். மிரான் படத்தின் பெயரைச் சொன்னதும் அகலமான இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்தாள். மின்னவில்லை. பருத்தித் தாளாம், சாயம் தாளுக்குள் இறங்கியிருக்குமாம், நூறு வருஷம் வெளுக்காதாம். ஓவியரின் குடும்பம் எழுபது பிரதிக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண் போட்டு, குடும்பத்தின் சிவப்பு முத்திரையும் வைத்திருந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். தூரிகையின் ஒவ்வொரு மயிரும் போன தடம் தெரிந்தது. மயிர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. கையுறையோடு தடவினால் மழமழவென்று தட்டையாக இருந்தது.

மிரான் தடவவில்லை. நின்று பார்த்தாள். அவள் கையில் ரோமம் நிமிர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

"அம்மா, மூணு அளவுல இருக்கு. வீட்டுக்குன்னா எல்லாரும் சின்னதைத்தான்..." என்று சே-இன் ஆரம்பித்தாள்.

"பெருசு எது?"

"அசல் அளவு. ஆளை விட உயரம்மா."

"அதைக் குடு."

விலையை நான் சொல்லமாட்டேன். கேட்டபோது எனக்கே தலை சுற்றி, அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மிரான் காய்கறி வாங்குகிறவள் போல வங்கி அட்டையை எடுத்து நீட்டினாள். பலகையில் ஒட்டி, சட்டம் போட்டு, புதுமனை விருந்தன்று காலையில் கொண்டுவந்து இறக்குவதாகப் பேச்சு.

இதில்தான் நாத்தனார் வருகிறார்.

மிரானின் கணவன் இல்மான் துறைமுகத்தில் தூண்டில் கடை வைத்திருக்கிறான். சாது. தாய் சின்ன வயதிலேயே போய்விட, அவனை வளர்த்தது அக்கா போங்ரே. அக்கா சொன்னால் அவனுக்கு வேதம். போங்ரே ஒரு திசைகாட்டியை எடுத்துக்கொண்டு புது வீட்டைப் பார்க்க வந்தார். கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே பெரிய சுவரைக் கைகாட்டினார்.

"இங்க சூரியகாந்திப் படம் மாட்டணும். ஏழு பூ. வாசல்ல வர்ற காசு நேரா அதுலதான் வந்து உக்காரும். நான் சொல்லி வச்சிட்டேன், தங்கச் சட்டம் போட்டு வருது. விருந்தன்னிக்கு நானே கொண்டாந்து மாட்டிடறேன்."

இல்மான் தலையாட்டினான். மிரான் வாயைத் திறக்கவில்லை. சாலையில் லாரிக்காரனைப் பின்வாங்க வைக்கிறவள், வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் சூரியகாந்தி தொங்குகிறது, என் வீட்டிலும் இருக்கிறது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நாத்தனார் கையால் மாட்டிய படத்தை அவர் இருக்கும்வரை இறக்க முடியாது. போங்ரேக்கு அப்போது எழுபது வயது, மலை ஏறினால் எனக்கு முன்னால் ஏறுவார்.

அன்று மாலை பார்லருக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து மிரான் அழுதாள். "இவ்வளவு நாள் ஆணி அடிக்காதேன்னாங்க, அடிக்கல. இப்ப சொந்த வீட்ல ஆணி அடிக்கலாம், ஆனா யாரோ சொல்ற எடத்துல, யாரோ குடுக்கிற படத்துக்கு."

"அழறதை நிறுத்து. அவங்க வர்றதுக்கு முன்னாடி உன் படம் செவுத்துல ஏறிடணும். மாட்டினதை எறக்கச் சொல்ற அளவுக்கு அந்தம்மாவும் போகமாட்டாங்க. யாரு முந்தறாங்களோ அவங்களுக்குத்தான் செவுரு" என்றேன்.

விருந்துக்கு நாள் குறித்ததும் போங்ரேதான். கெட்ட ஆவிகள் எந்தத் திசையிலும் இல்லாமல் மேலே போய்விடுகிற நாளில்தான் வைக்க வேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். அன்று காலை நான் கடையை மூடிவிட்டு, மிரான் வீட்டுச் சமையலறையில் பன்றிக்கறியை வேகவைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி நூடுல்ஸ் கிளறியாயிற்று, கடற்பாசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே படம் வந்துவிட்டது என்று போன் வந்ததும் மிரான் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, லிஃப்ட்ல நுழையல."

"சாய்ச்சுப் பாருங்கடி."

"சாய்ச்சும் பார்த்தாச்சு, நிமித்தியும் பார்த்தாச்சு. படிக்கட்டுல ஏத்தினா திரும்புற எடத்துல சட்டம் இடிக்கும்ங்கிறாங்க. போதாததுக்கு அங்க எல்லாரும் சைக்கிளும் வெங்காய மூட்டையும் அடுக்கி வச்சிருக்காங்க."

அதில் ஒரு மூட்டை என்னுடையது, நான் பேசாமல் இருந்தேன். சுருட்டி எடுத்து வந்து வீட்டில் சட்டம் போட்டிருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். வாங்கும்போது அவள் சுவரின் அளவைத்தான் நினைத்தாள், லிஃப்டின் அளவை நினைக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. போங்ரே. பின்னால் டாக்ஸிக்காரர் தங்கச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். சூரியகாந்திகள் லிஃப்டில் சுலபமாக ஏறி வந்திருந்தன. அவருக்குப் பின்னால் உறவுக்காரர்கள், கையில் புதுமனைக்கு எங்கள் ஊர் வழக்கப்படி கொடுக்கிற கழிப்பறைக் காகிதக் கட்டும் சோப்புத்தூளுமாக. இல்மான் காவலாளியிடமிருந்து இரவல் வாங்கி வைத்திருந்த டிரில்லை அக்கா பார்த்துவிட்டார்.

"நல்லதாப் போச்சு. எடுத்துட்டு வா, இப்பவே மாட்டிடலாம். மிரான் எங்க?"

"கீழ... சாமான் வாங்க" என்றான் இல்மான். பாவம், அவனுக்குப் பொய் வராது. நான் கரண்டியோடு கூடத்துக்கு வந்தேன்.

"போங்ரே அக்கா, இந்தத் தலைக்கு யார் சாயம் போட்டது?"

அவர் கை தலைக்குப் போனது. "ஏன், எங்க தெருவுல ஒரு கடை."

"பின்னாடி திட்டுத்திட்டா வெள்ளையா விட்டிருக்காங்களே. இவ்வளவு பேர் வர்ற எடத்துக்கு இப்படியா அனுப்புவாங்க? உக்காருங்க, பார்க்கறேன்."

திட்டும் இல்லை, வெள்ளையும் இல்லை. அந்தக் கடைக்காரி நன்றாகத்தான் போட்டிருந்தாள். நான் அவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, சீப்பை எடுத்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டேன். தொழிலில் அன்று நான் பேசின அளவு பொய் என்றைக்கும் பேசினதில்லை.

கீழே என்ன நடந்தது என்பதை மிரான் பிறகு சொன்னாள். நல்ல நாள் என்பதால் ஊரில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் வீடு மாறுகிறார்கள். மாடிக்குச் சாமான் ஏற்றுகிற ஏணி வண்டி ஒன்றுகூடக் கிடைக்காது, ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். ஆனால் அதே காரணத்தால் பக்கத்துக் கட்டடத்தில் யாரோ குடிவந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒரு ஏணி வண்டி நின்று, பீரோவையும் கட்டிலையும் ஜன்னல் வழியாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. மிரான் போய் நின்றாள். வண்டிக்காரர் கோ அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஹார்ன் அம்மாவா."

"உங்க வண்டியை ரோட்டுல மறிச்சு நிறுத்தினா ஹார்ன் அடிக்காம பாட்டா பாடுவாங்க?"

"இப்ப என்ன வேணும்?"

"ஒரே ஒரு படம். பதினாலாவது மாடி. உங்க அடுத்த சாமான் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"இனிமே என்னைப் பார்த்து ஹார்ன் அடிக்க மாட்டேன்னு சொல்லு, ஏத்தறேன்."

மிரான் யோசித்தாளாம். "அடிப்பேன். ஆனா சின்னதா அடிப்பேன்."

கோ வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மேலே நான் போங்ரேயின் காதோரத்தில் இருந்தேன். அதற்குமேல் பிரிக்க முடி இல்லை. அவரும் பொறுமை இழந்து, "சரி சரி, அப்புறம் பார்த்துக்கலாம். இல்மான், ஓட்டையைப் போடு" என்று எழுந்தார். இல்மான் டிரில்லின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அப்போதுதான் வெளியே இயந்திரம் உறுமியது. இல்மானின் சித்தி பெண் ஒருத்தி, "ஐயோ, ஜன்னலைப் பாருங்க" என்றாள்.

ஏணி எங்கள் பால்கனி விளிம்பில் வந்து முட்டி நின்றது. கீழிருந்து ஒரு நீலம் மெதுவாக ஏறி வந்தது. முதலில் ஒரு விளிம்பு, பிறகு பாதி ஜன்னல், பிறகு ஜன்னல் முழுக்க நீலம், கடைசியில் அந்தக் கறுப்புப் பட்டை. கீழே வாகன நிறுத்தத்தில் கூட்டம் கூடி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிக் கிழவர் பியானோ வருகிறது என்று நினைத்தாராம். நான் சொல்கிறேன், கல்யாணப் பெண்ணைக்கூட எங்கள் குடியிருப்பில் அவ்வளவு பேர் நின்று பார்த்ததில்லை. பால்கனிக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, நானும் இல்மானும் லிஃப்டில் முந்தி வந்த அச்சுக்கூடத்து ஆளுமாக அதை உள்ளே வாங்கினோம்.

மிரான் லிஃப்டில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பெரிய சுவரில் ஒரு பக்கம் தங்கச் சட்டம் சாய்ந்திருந்தது, மறுபக்கம் நீலம். நடுவில் போங்ரே நின்றார்.

"இதென்ன, பெயின்ட் அடிக்கிற பலகையா?"

"படம், அண்ணி."

"படத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததை வாசலுக்கு எதிர்ல மாட்டினா, வீட்ல ஒண்ணும் தங்காது. உனக்குத்தான் புத்தியில்ல, இவனுக்குமா இல்ல?"

உறவுக்காரர்கள் காகிதக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிரானின் முகம் வெளுத்துவிட்டது. போச்சு, தலையைக் குனிந்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனியவில்லை.

"அண்ணி, இந்த வீட்ல எந்த எடம் வேணும்னாலும் சொல்லுங்க, உங்க படத்தை நானே மாட்டறேன். ஷூ அலமாரிக்கு மேல மாட்டறேன், சமையக்கட்டுல மாட்டறேன். இந்தச் செவுரு மட்டும் எனக்கு. இருபத்தேழு வருஷமா ஒரு ஆணி அடிக்கல நான். முதல் ஆணி என்னோடதுக்குத்தான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அது பஸ் ஓட்டுகிற மிரானின் குரல். எதிரே வருகிறவர் பின்னால் போயாக வேண்டிய குரல்.

போங்ரே தம்பியைப் பார்த்தார். இல்மான் தரையைப் பார்த்தான், டிரில்லைப் பார்த்தான், கடைசியில் அதை மனைவி கையில் கொடுத்தான்.

"நீயே போடு. எனக்குக் கை கோணும்." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு. தூசி விழும்" என்றான்.

அவன் வாழ்நாளில் அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. போங்ரே இரண்டடி நகர்ந்தார்.

கான்கிரீட் சுவர், சும்மா விடவில்லை. மிரான் தோளைக் கொடுத்து அழுத்தினாள். கட்டடமே அதிர்ந்தது. காவலாளி இன்டர்காமில் கூப்பிட்டு, மூன்று வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறது என்றார். "புகார் குடுத்தவங்க பேரைச் சொல்லு, அடுத்த தடவை தலை சீவ என்கிட்டத்தானே வரணும்" என்றேன். வைத்துவிட்டார். வெள்ளைத்தூள் மிரானின் முடியிலும் மூக்கிலும் படிந்தது. இரண்டு ஓட்டை போட்டாள், மட்டம் பார்த்தாள், நாங்கள் தூக்கிப் பிடித்தோம், மாட்டினாள். கை சூட்டோடு ஷூ அலமாரிக்கு மேலேயும் ஓர் ஓட்டை போட்டு ஏழு பூக்களையும் தொங்கவிட்டாள். விட்டிருந்தால் வீடு முழுக்கத் துளைத்திருப்பாள், நான்தான் டிரில்லைப் பிடுங்கி வைத்தேன்.

பிறகு அவள் போய் அந்தச் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தலையில் தூசியோடு, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் வீட்டுக்காரி இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்தக் குடும்பத்தின் எந்தப் பண்டிகையிலும் அவள் உட்கார்ந்ததாகவே நான் கேள்விப்பட்டதில்லை. நாங்களும் பார்த்தோம். பகல் வெளிச்சத்தில் அந்த நீலம் சுவருக்குள் போய்க்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து போங்ரே, "மிரான், சூப்பு ஆறுது" என்றார்.

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. போங்ரே என்னைப் பார்த்தார். நான் சமையலறை இருக்கும் திசையைக் காட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உள்ளே போய், பானையைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் சூப் ஊற்றிக் கொடுத்தார். கடைசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மிரானுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பக்கமாக நீட்டினார். மிரான் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.